கடை திறந்திருந்தது, ஊழியர்கள் வாசலில் நின்றார்கள்: 2003இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நான் பார்த்தது

கேள்வி: பெரிய நகரத்தில் சூப்பர் மார்க்கெட் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் கடைகளுக்கும் பொருள் வாங்குகிறவர்களுக்கும் என்ன ஆகும்? யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கையில் கார் இல்லை. அரிசி, பருப்பு, புளி எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை யாராவது நண்பரின் காரில் ஆர்ட்டீசியாவின் பயனியர் புலவார்டில் உள்ள இந்தியக் கடைகளுக்குப் போய் வாங்கிவருவோம். பால், தயிர், வெங்காயம், தக்காளி, ரொட்டி ஆகியவற்றுக்குத் தெருமுனையில் இருந்த சூப்பர் மார்க்கெட்டே கதி.

அந்த மாதம் 11ஆம் தேதி வான்ஸ், பவிலியன்ஸ் கடைகளின் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்போது அவை சேஃப்வே நிறுவனத்தின் கடைகள். குரோகருக்குச் சொந்தமான ரால்ஃப்ஸும் ஆல்பர்ட்சன்ஸும் மறுநாளே தங்கள் ஊழியர்களை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி வெளியே நிறுத்தின. இதைத்தான் கதவடைப்பு என்பார்கள். மூன்று நிறுவனங்களும் ஊழியர்களின் தொழிற்சங்கத்துடன் ஒன்றாக அமர்ந்தே பேரம் பேசிவந்தன, அதனால் ஒருவரை அடித்தால் மூவரையும் அடித்ததாகக் கணக்கு. தெற்கு கலிபோர்னியா முழுவதும் 850க்கும் மேற்பட்ட கடைகள், ஏறத்தாழ 60,000 தொழிலாளர்கள். முடியும்போது 141 நாட்கள் ஆகியிருந்தன.

நம் ஊரில் கடையடைப்பு என்றால் ஷட்டர் இறங்கிவிடும், எல்லாருக்கும் ஒரே நிலைமை. இங்கே அப்படி இல்லை. கதவடைப்பு என்று சொன்னாலும் கதவு அடைபட்டது ஊழியர்களுக்கு மட்டும்தான். கடை திறந்திருந்தது, விளக்கு எரிந்தது, உள்ளே பாட்டுகூடப் பாடிக்கொண்டிருந்தது. கல்லாவில் மேலாளர்களும் அவசரமாகக் கூலிக்கு எடுத்த புதியவர்களும் நின்றார்கள். எந்தக் காய்க்கு எந்த எண்ணைத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியாததால் நாலு பேர் கொண்ட வரிசைகூட இருபது நிமிடம் பிடித்தது. கறி வெட்டும் பகுதியிலும் பேக்கரியிலும் ஆள் இல்லை. இரவு நேரம் சுருங்கியது. டப்பா உணவும் சோப்பும் அடுக்கில் அப்படியே இருந்தன. முதலில் தட்டுப்பாடானவை கீரை, பால், புதிய ரொட்டி போன்ற அன்றாடம் வந்து சேரவேண்டிய பொருட்கள். சரக்கு லாரியை ஓட்டிவந்தவர் மறியல் வரிசையைத் தாண்ட மறுத்துத் தெருவிலேயே இறங்கிக்கொண்டதையும், ஒரு மேலாளர் வந்து லாரியை உள்ளே ஓட்டிப்போனதையும் ஒரு காலையில் பார்த்தேன்.

வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். அவர்களில் ஒருவர், கொத்தமல்லிக்கும் பார்ஸ்லிக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்டிக்கொடுத்த காசாளர் அம்மாள். முதல் வாரம் நான் உள்ளே போய்ப் பால் வாங்கினேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வரும்போது எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். மருத்துவக் காப்பீடு என்றார். அமெரிக்காவில் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலையில் கிடைக்கும் காப்பீடு சுருங்கினால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா வந்தாலே குடும்பக் கணக்கு கவிழ்ந்துவிடும். நிறுவனங்கள் இரண்டு கேட்டன: காப்பீட்டுச் செலவில் ஊழியர்கள் பங்கேற்க வேண்டும், இனிச் சேருகிறவர்களுக்குக் குறைந்த ஊதியமும் குறைந்த சலுகையும் கொண்ட தனித் தட்டு வேண்டும். வால்மார்ட் கலிபோர்னியாவில் நாற்பது பெருங்கடைகள் திறக்கப்போகிறது, அதன் விலைக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதை வெறும் சாக்கு என்று நான் ஒதுக்கவில்லை. ஆனால் வரப்போகும் போட்டிக்கான விலையைக் கல்லாவில் நிற்கிறவரின் பிள்ளையிடம் வசூலிப்பது எனக்கு ஏற்கவே முடியாததாக இருந்தது. அதன்பிறகு நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

போகாமல் இருப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. உங்கள் கேள்விக்கு முக்கியமான பதில் இங்கேதான் இருக்கிறது. வேலைநிறுத்தம் தொடங்கி மூன்றாம் நாள், அக்டோபர் 14 அன்று, நகரின் பஸ் மெக்கானிக்குகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலான பஸ்களும் மெட்ரோ ரயில்களும் 35 நாட்கள் ஓடவில்லை. கார் இருந்தவர்கள் காஸ்ட்கோவுக்கும் டிரேடர் ஜோஸுக்கும் போனார்கள். சங்கத்தோடு தனியாக இணக்கம் செய்துகொண்ட ஸ்டேட்டர் பிரதர்ஸ், கெல்சன்ஸ் கடைகளில் கூட்டம் அலைமோதியது. கார் இல்லாதவர்களுக்கு நடக்கிற தூரத்தில் எது உண்டோ அதுதான் கடை. நான் வாரம் இருமுறை முக்கால் மணி நேரம் நடந்து ஒரு சிறிய மெக்சிகன் கடைக்குப் போனேன். அங்கே பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் மலிவு, பால் விலை கூடுதல். இருபத்துமூன்று வயதில் இரண்டு பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்கு முடிந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மூதாட்டிக்கு முடியவில்லை. அவருடைய இரத்த அழுத்த மாத்திரை அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் இருந்த மருந்துக் கடையில்தான் கிடைக்கும். நடக்க உதவும் சக்கரச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் வாசலை நெருங்கியபோது மறியல் செய்தவர்கள் அட்டைகளைத் தாழ்த்தி வழிவிட்டார்கள், ஒருவர் கூடவே கதவு வரை போனார். நம் தொழிற்சங்க மொழியில் கருங்காலி என்று ஒரு கடுமையான சொல் உண்டு. மறியல் வரிசையைத் தாண்டுகிறவரையெல்லாம் அந்தச் சொல்லால் அடிக்க முடியாது என்று அன்று எனக்குப் பட்டது. ஒருவர் ஏன் தாண்டுகிறார் என்பது அவருடைய வீட்டிலிருந்து அடுத்த கடை எத்தனை தூரம் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

கடைகளின் பக்கம் பார்த்தால், அந்த வேலைநிறுத்தம் எப்படி நீண்டது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அக்டோபர் 31 அன்று சங்கம் ரால்ஃப்ஸ் கடைகளின் வாசலிலிருந்து மறியலை விலக்கிக்கொண்டது. மக்களுக்குப் போக ஓர் இடம் வேண்டும், அவர்களின் ஆதரவை இழக்கக்கூடாது என்பது எண்ணம். எங்கள் பகுதியில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மூன்று நிறுவனங்களும் வேலைநிறுத்தக் காலத்தில் வருவாயைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் ஒன்றை வைத்திருந்தன. ரால்ஃப்ஸுக்குக் கூடுதலாகப் போன பணத்தில் ஒரு பங்கு மற்ற இருவரின் இழப்பை ஈடுகட்டியது. நல்லெண்ணத்தோடு கடை மாறியவர்களின் காசு சுற்றிச் சுழன்று அதே பைக்குள் போயிற்று. மாநில அட்டர்னி ஜெனரல் பில் லாக்கியர் இதை எதிர்த்து 2004 தொடக்கத்தில் வழக்குப் போட்டார். வாடிக்கையாளரின் இரக்கம் எந்தப் பாதையில் போகும் என்பதைச் சங்கம் தவறாகக் கணித்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

நவம்பர் இறுதியில், நன்றி அறிவிப்புத் திருநாள் வாரத்தில், மறியல் விநியோகக் கிடங்குகளுக்கும் பரவியது. ஆயிரக்கணக்கான லாரி ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் ஆதரவாக வேலையை விட்டார்கள். வான்கோழி விற்கும் வாரத்தில் இது கடைகளைக் கடித்தது. ஆனாலும் அமெரிக்கா முழுவதும் கடைகள் வைத்திருக்கும் நிறுவனங்களால் ஒரு மூலையில் நட்டப்பட்டுக்கொண்டு காத்திருக்க முடியும். வாடகை கட்டவேண்டிய காசாளரால் முடியாது. சங்கம் கொடுத்த வேலைநிறுத்த உதவித்தொகை போகப்போகக் குறைந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வாசலில் ஆட்கள் குறைந்து, உள்ளே போகிறவர்கள் கூடினார்கள்.

இதற்கு நேர்மாறாக நடந்தது 2019 ஏப்ரலில், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் மாநிலங்களில். ஸ்டாப் அண்ட் ஷாப் கடைகளின் 31,000 ஊழியர்கள் ஏப்ரல் 11 அன்று, வியாழக்கிழமை, வேலையை விட்டு வெளியேறினார்கள். 240 கடைகள். யூதர்களின் பாஸ்கா திருநாள் 19ஆம் தேதி மாலை, ஈஸ்டர் 21ஆம் தேதி. வருடத்தில் சமையல் சாமான் அதிகம் விற்கும் நாட்களில் அதுவும் ஒன்று. ஒரே ஒரு நிறுவனம்தான் சிக்கியிருந்தது, சுற்றிலும் வேறு கடைகள் நிறைய இருந்தன, மக்கள் அங்கே போனார்கள். மறியலைத் தாண்டி பாஸ்கா உணவு வாங்காதீர்கள் என்று சொன்ன யூத குருமார்கள் உண்டு. பதினொன்றாம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்றே உடன்பாடு வந்தது. காப்பீடும், அப்போது பணியில் இருந்தவர்களுக்கான ஞாயிறு ஒன்றரை மடங்கு ஊதியமும் தப்பின. அந்தப் பதினொரு நாட்களால் 9 முதல் 11 கோடி டாலர் வரை லாபம் குறையும் என்று தாய் நிறுவனமான அஹோல்ட் டெலைஸே அறிவித்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்குத் தெரிவது: அடுக்கு காலியாவதால் கடை பணிவதில்லை. கார் நிறுத்துமிடம் காலியாவதால்தான் பணிகிறது. அது காலியாக வேண்டுமென்றால் மக்களுக்குப் போக வேறு இடம் வேண்டும், போகிற வண்டியும் வேண்டும். அதனால் உங்கள் நகரத்தில் இப்படி ஒன்று வந்தால், மறியல் நடக்காத எந்தக் கடைக்கு நீங்கள் போகலாம் என்பதைச் சங்கத்தாரிடமே கேளுங்கள், அவர்கள் பட்டியல் வைத்திருப்பார்கள். மருந்துச் சீட்டை முதல் நாளே வேறு மருந்துக் கடைக்கு மாற்றிவிடுங்கள். கார் இருந்தால் பக்கத்து வீட்டு வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள். எனக்கும் அந்த மூதாட்டிக்கும் அன்று வேண்டியிருந்தது அதுதான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் வேலைநிறுத்தம் புதிய ஒப்பந்தத்தோடு 2004 பிப்ரவரி 29 அன்று முடிந்தது. புதியவர்களுக்கான தனித் தட்டை நிறுவனங்கள் வாங்கிவிட்டன. கதவடைப்பின்போது தன் ஊழியர்களில் பலரைப் பொய்ப் பெயர்களில் திரும்ப வேலைக்கு வைத்த குற்றத்தை ரால்ஃப்ஸ் 2006இல் ஒப்புக்கொண்டு, அபராதமும் இழப்பீடுமாக 7 கோடி டாலர் கட்டியது.

மார்ச்சில் நான் தெருமுனைக் கடைக்குத் திரும்பிப் போனேன். அந்த அம்மாள் மூன்றாவது கல்லாவில் இருந்தார். நாலாவது கல்லாவில் ஒரு புதுப் பையன், அதே சட்டை, அதே வேலை. அவனுக்கு மணிக்குச் சில டாலர் குறைவு என்றும், காப்பீட்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். அடுத்த ஒப்பந்தத்தில் அந்தத் தட்டை எடுக்க வைப்போம் என்றும் சொன்னார். 2007 கோடையில் எடுக்க வைத்தார்கள்.