சீட்டை முன்னால் தள்ளுங்கள்

வணக்கம் ஐயா,

என் கணவர் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் அவர் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் நான். லைசென்ஸ் இருந்தும் ஊருக்குள் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். பிள்ளைகள் வேலைக்குப் போனதும் நீண்ட பயணம் ஒன்று போகவேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். அந்தப் பயணத்துக்கு இப்போது தனியாகக் கிளம்பிவிட்டேன். பன்னிரண்டு நாள் திட்டம். இன்று நாலாவது நாள் இரவு, ஒரு விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன்.

அவர் ஓட்டிய அதே கார். அவர் நல்ல உயரம். அவர் வைத்திருந்த இடத்திலிருந்து சீட்டை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

என் நாத்தனார் தினமும் நாலைந்து முறை கூப்பிடுகிறார். “என் தம்பி போனதை நீ இன்னும் ஏத்துக்கலை. அதான் இப்படி ஓடுறே. முதல்ல அந்தக் கட்டத்தைத் தாண்டு” என்கிறார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இன்று மதியம் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருந்தேன். வளைவுமேல் வளைவு. உச்சியில் வண்டியை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, இரண்டு மணி நேரமாக அவரை நினைக்கவே இல்லை. நினைக்கவில்லை என்பதோடு, சந்தோஷமாகவும் இருந்திருக்கிறேன். பிறகு வந்த அழுகை நிற்கவே இல்லை. அழுதுகொண்டேதான் மலையிறங்கினேன்.

ஒன்பதே மாதத்தில் மறந்துவிட்டேனா ஐயா? நாளைக் காலை வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றுகிறது.

வி.

*

அன்புள்ள வி.,

கடிதம் கிடைத்த இரவே உங்களுக்கு இரண்டு வரி அனுப்பினேன், எந்த முடிவும் எடுக்காமல் ஒரு நாள் அங்கேயே தங்குங்கள் என்று. தங்கிவிட்டதாகவும், பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதலாம் என்றும் சொன்னீர்கள். நன்றி.

என் மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போங்கள். மீதி நாட்களையும் முடித்துவிட்டு வாருங்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இருபத்தாறு வருடம் பக்கத்து சீட்டில் இருந்தவர் தனியாக ஒரு மலை ஏறியிருக்கிறார். வளைவில் எதிரே என்ன வருகிறது, எந்தக் கியர், எவ்வளவு பிரேக் என்று மனம் முழுக்க அங்கே இருந்திருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அவரை நினைத்துக்கொண்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காமலேயே போயிருக்கலாம்.

1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஸ்குட் என்ற இரு உளவியலாளர்கள் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் சொன்னார்கள். இழந்தவர் மனம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் இழப்புக்குள் போகிறது: அழுகை, ஏக்கம், பழைய புகைப்படம். கொஞ்ச நேரம் வெளியே வந்து மிச்ச வாழ்க்கையைப் பார்க்கிறது: பில் கட்டுவது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது, சும்மா சிரிப்பது. இரண்டுக்கும் நடுவே மனம் போய்வந்துகொண்டே இருக்கிறது, அந்தப் போக்குவரத்தில்தான் மனிதர் தேறுகிறார் என்பது அவர்கள் கருத்து. துக்கத்திலிருந்து சற்று விலகி இளைப்பாறுவதையும் அவர்கள் தேறுதலின் ஒரு பகுதியாகவே எண்ணினார்கள். மலை ஏறும்போது நீங்கள் ஒரு கரையில் இருந்தீர்கள், இறங்கும்போது மறு கரையில். ஒரே மதியத்தில் இரண்டும் நடந்ததால் பயந்துவிட்டீர்கள்.

இதில் எனக்குப் பட்டறிவு உண்டு. என் தம்பி இறந்த ஐந்தாம் மாதம் ஒரு நண்பர் சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உடம்பு கூசியது. அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம், சந்தோஷம் வரக்கூடிய இடங்களுக்கே நான் போகவில்லை. என் மகளின் பள்ளி விழாவுக்குக்கூடப் போகவில்லை. அதனால் தம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகளுக்குக் கிடைக்கவேண்டியது போனது. அந்த ஒரு வருடத்துக்காக இன்றும் வருந்துகிறேன். உங்களைப் போங்கள் என்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல அதுதான் காரணம்.

அப்புறம் உங்கள் நாத்தனார். அவர் சொல்லும் ‘கட்டம்’ எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருக்கும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் எழுதினார். அவர் உட்கார்ந்து பேசியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம். தன் சாவை எதிர்கொள்கிறவரிடம் கண்டதைப் பிறகு துணையை இழந்தவர்களுக்கும் படிக்கட்டு மாதிரி வைத்துவிட்டார்கள். ஒரு படி தாண்டினால்தான் அடுத்த படி என்று எந்தக் கணக்கும் இல்லை. நீங்கள் எதையும் தாண்டாமல் விட்டுவிடவில்லை.

ஆனால் அவர்மேல் கோபப்படாதீர்கள். “என் தம்பி” என்று அவர் சொன்ன இடத்தில் நான் நின்றுவிட்டேன். கணவரை இழந்தவர் என்று எல்லோரும் உங்களிடம் வந்து விசாரித்திருப்பார்கள். தம்பியை இழந்த அக்காவை எத்தனை பேர் விசாரித்தார்கள்? நானும் தம்பியைப் பறிகொடுத்தவன்தான். நாலைந்து முறை போன் செய்யும் அந்தக் கை எனக்குப் புரிகிறது. தம்பி ஓட்டிய காரில் இப்போது நீங்களும் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு அது தாங்கவில்லை.

ஒன்று செய்து பாருங்கள். பகலில் போனை எடுக்க மாட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தில் தவறாமல் கூப்பிடுங்கள். அடுத்த நாள் எந்த வழியாகப் போகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பதை அவரிடமே கொடுத்துவையுங்கள். தனியாகப் போகிறவரின் வழி யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஒருவர் அவராகவே இருக்கட்டும். பேசி முடிக்கும்போது, உங்கள் கணவர் சிறுவனாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அறியாத அந்த வருடங்கள் அவரிடம்தான் இருக்கின்றன.

சாயங்காலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பகலில் சாலை உங்களைப் பார்த்துக்கொள்ளும். அறைக்கு வந்து, சாவியை மேசையில் வைத்து, கட்டிலில் உட்காரும் அந்த நேரம்தான் கடினம். நம் பழைய அகப்பாடல்களில் பிரிந்தவர்களை வாட்டும் பொழுது மாலைதான். அந்தப் பொழுதை வெறுமையாக விடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். கொஞ்சம் நடங்கள். துணி துவையுங்கள். அன்றைக்குப் பார்த்ததை உங்கள் கணவருக்கு எழுதுவதுபோல நாலு வரி எழுதுங்கள்.

திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கனடாவின் ரஷ் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் என்பவரைச் சொல்லவேண்டும். 1997 ஆகஸ்டில் அவருடைய ஒரே மகள் சாலை விபத்தில் இறந்தாள். பத்து மாதத்தில், 1998 ஜூனில், மனைவி புற்றுநோயில் போனார். பியர்ட் டிரம்ஸ் வாசிப்பதை விட்டுவிட்டார். அந்த ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளில் தனியாகக் கிளம்பினார். பதினாலு மாதத்தில் சுமார் 88,000 கிலோமீட்டர். தனக்குள் மிஞ்சியிருந்த உயிரை ஒரு கைக்குழந்தையாக அவர் நினைத்துக்கொண்டார். அழுகிற குழந்தையை வண்டியில் வைத்துச் சுற்றினால் அடங்குமல்லவா, அப்படித்தான் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

அந்தப் பதினாலு மாதமும் அவர் சாலையிலேயே இருக்கவில்லை. நடுவில் பனிக்காலத்துக்கு வீட்டுக்குத் திரும்பினார். வீட்டில் இருந்தார். பிறகு மறுபடி கிளம்பினார். ஆகவே நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், அதில் தோல்வி என்று ஒன்றும் இல்லை. களைப்பாக இருந்தால் திரும்புங்கள். வீட்டு ஞாபகம் வந்தால் திரும்புங்கள். சந்தோஷமாக இருந்துவிட்டோம் என்பதற்காக மட்டும் திரும்பாதீர்கள்.

சரி, இப்போது நான் கண்டிப்பாகச் சொல்லவேண்டிய இடம். அழுதுகொண்டே மலையிறங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இனிச் செய்யாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. கண்ணைத் துடைக்கும் நேரத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் நீளம் போய்விடும். தொண்டை அடைக்க ஆரம்பிக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். சாலையோரத்தில் ஒண்டி நிற்காமல், பெட்ரோல் பங்க் மாதிரி சாலையை விட்டு விலகிய இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள், யாரும் தேற்ற வரமாட்டார்கள். ஒன்பது மாதமாக உங்களுக்கு அது கிடைத்திருக்காது.

துக்கத்தில் தூக்கமும் கெடும். தம்பி போன அந்த வருடம், தூக்கம்தான் வரவில்லையே, ஓட்டினால் என்ன என்று ஒரு ராத்திரி நான் தனியாக ஓட்டினேன். விடியற்காலை நாலு மணிக்குக் கண் மூடியது எனக்குத் தெரியாது. டயர் சரளையில் இறங்கிய சத்தத்தில்தான் விழித்தேன். எதிரே வண்டி வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவர் ஓட்டுவது, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் ஓட்டுவதுபோல என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டி விடியும் வரையும், பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரையும் உடம்பு தானாகவே மந்தமாகும் நேரம். இரவில் ஓட்டவே வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கால் மணி நேரம் நடங்கள். கண் இழுத்தால் வண்டியை ஒதுக்குப்புறமாக நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு இருபது நிமிடம் தூங்குங்கள். முதல் நாள் இரவு சரியாகத் தூங்கவில்லையென்றால் அன்று பயணமே இல்லை. பன்னிரண்டு நாள் பதினைந்து நாளானால் ஆகட்டும்.

இன்னொன்றையும் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்ற மாதிரி எண்ணம் ஒரு கணம் வந்தால்கூட, உடனே நிறுத்துங்கள். சாவியை வெளியே எடுத்துவிட்டு உங்கள் பிள்ளைகளையோ நாத்தனாரையோ கூப்பிட்டு, வந்து அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த சீட்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பாதித்தது அந்தத் தலையணைதான். ஏன் நகர்த்தவில்லை என்று எனக்கு விளக்கவேண்டியதில்லை. அவர் உடம்பின் அளவு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஓர் இடம் அது. ஆனால் வி., திடீரென்று பிரேக் போடும்போது தலையணை நழுவும். மிதியைக் கடைசி வரை அழுத்தும்போதும் உங்கள் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் நீட்டி எட்டி மிதிக்கிறவருக்கு அவசரத்தில் பலம் போதாது. கண்ணாடிகளும் அவர் கண்ணுக்கு வைத்தவை, பின்னால் வருவது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

நாளைக் காலை கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னாடியே காருக்குப் போங்கள். முதலில் எல்லாவற்றையும் அப்படியே புகைப்படம் எடுங்கள். சீட், சாய்மானம், மூன்று கண்ணாடிகள். பிறகு சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கி மெதுவாக முன்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு பல்லிலும் ‘டக்’ என்று நிற்கும். எண்ணுங்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், சாய்மானத்துக்கும் அதேபோல. அந்த எண்ணிக்கை உங்களிடம் இருக்கும் வரை அவர் உட்கார்ந்த இடம் எங்கும் போகாது, எப்போது வேண்டுமானாலும் அங்கே கொண்டுபோய் வைக்கலாம். ஸ்டியரிங்குக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவே ஒரு 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். கண்ணாடிகளை உங்கள் கண்ணுக்குத் திருப்புங்கள். தலையணை பின் சீட்டுக்குப் போகட்டும்.

இதற்கு ஐந்து நிமிடம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அவசரம் இல்லை. அன்று எங்கேயும் போக முடியாமல் போனாலும் பரவாயில்லை. எத்தனை பல் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.