ஆடியோ டாகுமெண்டரி எடுக்கும் மாணவர்களுக்கு: கேள்வி பதில்

கல்லூரி வானொலியில் மாணவர்களுக்கு ஒலிப்பதிவு சொல்லிக்கொடுக்கிறேன். பேட்டி, பதிவு, எடிட்டிங் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். வியூஸ் கூட்டுவது எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

மேடம், ஐயாயிரம் ரூபாய்க்குள் எந்த மைக் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம், போன் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். ரெக்கார்டிங் ஆப்பின் செட்டிங்கில் வேவ் ஃபைல் (சுருக்காத ஒலி), 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ (ஒற்றைத் தடம்) என்று வையுங்கள். 24 பிட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 எம்பி ஆகும், இடம் காலி செய்துகொண்டு போங்கள். அந்தக் காசில் காதை மூடும் ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேன் சத்தம் நம் காதுக்குப் பழகிவிடும், ஹெட்போனில் கேட்டால்தான் அது எவ்வளவு என்று தெரியும்.

தாத்தா தனுஷ்கோடி புயலில் பிழைத்தவர். இரண்டு மணி நேரம் பேசினார், ஆனால் தேதி, வருஷம் ஒன்றுமே சரியாக வரவில்லை. மறுபடி பேச வைக்கலாமா? (விஸ்காம் இரண்டாம் ஆண்டு, ராமநாதபுரம்)

தேதிக்காக அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை கொண்டுபோனது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் குரலில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அன்று அடுப்பில் என்ன இருந்தது, எந்தப் பக்கம் ஓடினார், யார் கையைப் பிடித்திருந்தார், விடிந்ததும் முதலில் எது கண்ணில் பட்டது என்பதை அவர்தான் சொல்ல முடியும். “எப்படி இருந்துச்சு தாத்தா?” என்று கேட்டால் “ரொம்பக் கஷ்டம்ப்பா” என்று முடித்துவிடுவார். “அப்ப எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?” என்று கேளுங்கள். நின்ற இடம் ஞாபகம் வந்தால் மற்றதும் வரும்.

ஒன்றை மட்டும் திரும்பப் போய்க் கேட்கலாம். ரயில் போனதை அவரே பார்த்தாரா, மறுநாள் கேள்விப்பட்டாரா? அறுபது வருஷத்தில் இரண்டும் கலந்துபோயிருக்கும். இரண்டையும் வைக்கலாம், எது எது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு மனமும் உடம்பும் இருந்தால் அந்த இடிந்த சர்ச்சுக்குக் கூட்டிப்போய்ப் பேச விடுங்கள். அங்கே காற்று அள்ளும், மைக்கில் பஞ்சு உறை மாட்டுங்கள்.

கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது அதுதான் கைகொடுக்கும். இதை இன்றைக்கு இன்னும் சில தடவை சொல்வேன்.

காலர் மைக் நல்லதா மேடம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

நாகர்கோவில் பேச்சிலேயே நரேஷன் பேசலாமா? ரேடியோத் தமிழ் வேண்டாமா?

உங்கள் பேச்சிலேயே பேசுங்கள்.

பாட்டி ஒப்பாரி பிரமாதமாகப் பாடுவாங்க. வீட்டில் பாடச் சொன்னால் மாட்டேன் என்கிறாங்க. (பி.ஏ. தமிழ், தேனி)

எப்படிப் பாடுவார்? விளக்கு வைக்கிற வீட்டில் சும்மா ஒப்பாரி பாடினால் ஆகாது என்பார்கள். தோட்டத்துக்கோ ஆற்றங்கரைக்கோ கூட்டிப்போங்கள், அங்கே பாடக்கூடும். அங்கேயும் மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். அந்தப் பேச்சே உங்கள் டாகுமெண்டரிக்கு நல்ல தொடக்கம். இழவு வீட்டில் மட்டும் போனை நீட்டாதீர்கள், அந்தக் குடும்பமே கேட்டுக்கொண்டாலொழிய.

அடியில் சோகமா ஒரு வயலின் போட்டா நல்லாருக்குமா மேடம்?

போடாதீர்கள்.

குறுக்கே வருகிறேன். பிஜிஎம் இல்லாமல் இந்தக் காலத்துப் பசங்க அரை நிமிஷம் கேட்கமாட்டாங்க. நீங்கள் பழைய ரேடியோ ஆள். (சவுண்ட் இன்ஜினியர், சென்னை)

ஆமாம், பழைய ஆள்தான். இசையே கூடாது என்று நான் சொல்லவில்லை, இடம் மாறும்போது போடுங்கள். ஒப்பாரி தாளக்கட்டில் நிற்காது. மூச்சு போகிறவரை வரி நீளும், விசும்பலில் சுருதி இறங்கும். அடியில் வயலின் ஒரே சுருதியில் நின்றால் பாட்டி தப்பாகப் பாடுகிறார் என்றுதான் காதில் விழும்.

சுருதியைச் சரிசெய்ய சாஃப்ட்வேர் இருக்கிறதே?

செத்துப்போன மகனுக்காக அழுகிறவரின் சுருதியை யார் சார் திருத்துவது?

சரி, பறை? சாவுக்குப் பறை அடிப்பது வழக்கம்தானே. அதைச் சேர்த்தாலும் தப்பா?

இப்போதுதான் சரியான கேள்வி கேட்கிறீர்கள். அந்தச் சாவுக்கு அடித்த பறை உங்கள் பதிவிலேயே இருந்தால் வையுங்கள், அது நடந்த விஷயம். எங்கிருந்தோ இறக்கிய பறையை ஒட்டினால் நடக்காததை நடந்ததாகச் சொல்கிறீர்கள். வேறு இடத்தில் எடுத்தது என்று சொல்லிவிட்டுப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இதற்கு மேல் நாம் தனியாகச் சண்டை போடலாம் சார், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

பத்து வினாடிக்குள் சினிமாப் பாட்டு போட்டால் காப்பிரைட் வராதாமே?

அப்படி ஒரு சட்டமே கிடையாது. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. வகுப்பில் சமர்ப்பிப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு.

முடித்ததை எங்கே ஒலிபரப்பலாம்?

பக்கத்துச் சமுதாய வானொலியைக் கேளுங்கள். நாட்டில் முதல் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது, இன்று பல கல்லூரிகளில் இருக்கிறது. பத்து கிலோமீட்டர் தாண்டிக் கேட்பது கஷ்டம். ஆனால் உங்கள் கதையில் வரும் ஆட்கள் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறார்கள்?

ஐபோன் மைக் நல்லதா, ஆண்ட்ராய்டா?

மைக் கேள்விகளுக்கு இனி பதில் கிடையாது.

மேடம், தேனியிலிருந்து மறுபடி நான்தான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வரேன்னு பாட்டி சொல்லிட்டாங்க. எத்தனை மணிக்குப் போகலாம்?

மோட்டார் போடுவதற்கு முன்னால் போய்விடுங்கள், பம்ப்செட் சத்தத்தை எந்த சாஃப்ட்வேரும் முழுசாக எடுக்காது. மயில், காக்கா கத்தினால் கத்தட்டும். பதிவின் தொடக்கத்திலேயே பாட்டியின் பெயர், ஊர், இதை யார் யாருக்குப் போட்டுக்காட்டலாம் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த ஒரு நிமிடம்.