நைரோபியா, மொம்பாசாவா?

கேள்வி: புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். தேங்காய்ப் பால்மாவை நைரோபிக்கு ஏற்றுமதி செய்ய எண்ணியுள்ளேன். கென்யாவில் 4.76 கோடி மக்கள் இருப்பதாகவும் பொருளாதாரம் வளர்ந்து வருவதாகவும் வாசித்தேன். நூற்றுக்கு ஒருவர் வாங்கினாலே போதாதா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்த 'நூற்றுக்கு ஒருவர்' கணக்கைத்தான் நான் அஞ்சுகிறேன். நீங்கள் கூறும் தொகை 2019 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி சரியானதே. ஆனால், நைரோபி உட்பட உள்நாட்டில் அன்றாட உணவு சோளமாவில் கிண்டும் உகாலி என்னும் களியாகும். தேங்காய்ப் பாலில் சோறும் கறியும் சமைக்கும் வழக்கம் பெரும்பாலும் மொம்பாசா, கிலிஃபி, லாமு முதலிய கரையோரப் பகுதிகளுக்கே உரியது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 43 இலட்சம் பேர். அவர்களின் ஊரிலேயே தென்னையும் காய்க்கின்றது. ஆகவே உங்கள் முதற்போட்டி வேறொரு நிறுவனத்தின் பால்மாவோடு அன்று, அந்த வீட்டுத் துருவலையோடுதான். இதனை எந்த வளர்ச்சி வீதமும் உங்களுக்குச் சொல்லாது. மொம்பாசாவில் 'டுக்கா' எனப்படும் சிறு கடையொன்றின் அருகே ஒரு கிழமை நின்று, தேங்காய் என்ன விலைக்குப் போகிறது, மக்கள் எவ்வளவு சிறிய பொதியை வாங்குகிறார்கள் என்று பார்த்தால் தெரியவரும்.

விற்பது ஒன்று, பணம் கைக்கு வருவது வேறொன்று. கென்யாவின் மிகப் பெரிய பேரங்காடித் தொடராக விளங்கிய நகுமாட், பொருள் வழங்கியோருக்குப் பெருந்தொகையை நிலுவையாக வைத்துவிட்டு வீழ்ந்தது. 2020 இல் அதனைக் கலைத்துவிடக் கடன்கொடுத்தோர் வாக்களித்தனர். எனவே பெரிய பெயரை நம்பிக் கடனுக்குப் பொருள் அனுப்பாதீர்கள்.

நாணயத்தைப் பற்றி நமக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, கொள்கலன்களை இறக்கிய இறக்குமதியாளர்கள் பட்ட பாட்டைப் புறக்கோட்டையில் இருந்த நீங்களே கண்டிருப்பீர்கள். கென்ய ஷில்லிங்கும் 2024 இன் தொடக்கத்தில் டொலருக்கு 160 வரை சரிந்து, சில மாதங்களில் 130 அளவுக்கு மீண்டது. டொலரில் விலை குறித்தால் நட்டம் உங்களுடையதன்று என எண்ண வேண்டாம். அங்குள்ள இறக்குமதியாளர் நொடித்தால் அது உங்களிடமே வந்து சேரும். முதல் அனுப்புகையைச் சிறிதாக, எல்.சி. எனப்படும் வங்கி நாணயக் கடிதத்தின்பேரில் (உரிய ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி அளிக்கும் உறுதி) மட்டும் அனுப்புங்கள். பின்னர் கடன் கொடுக்க நேர்ந்தால், இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் அந்த இறக்குமதியாளருக்குக் காப்புறுதி கிடைக்குமா என முன்னரே கேட்டுவிடுங்கள்.