பெத்ருஷ்கா வாங்கிய அறை

அன்புள்ள ஐயா,

ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாந்தர் ராதிஷேவ் பற்றி ஓர் உரையில் நெகிழ்ந்து பேசியிருந்தீர்கள். தேடிப் படித்தேன், ஏமாற்றம்தான். அவர் ஒரு பிரபு, பீட்டர்ஸ்பர்க் சுங்கத்தின் தலைமை அதிகாரி. மகாராணி காதரினிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே அவர் ஆட்சியைத் திட்டிப் புத்தகம் போட்டார். பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். பண்ணையடிமை முறையைக் கண்டித்தவர் தானே பண்ணையடிமைகளை வைத்திருந்தார். இது போலித்தனம் இல்லையா? நானும் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர், புனைபெயரில் கதை எழுதுகிறேன். அரசு வேலையில் இருப்பவன் எழுதலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அவருடைய ‘பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரு பயணம்’ நூலைத்தான் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

சம்பளப் பேச்சை விடுங்கள். வேலை பார்த்தார், வாங்கினார். மன்னிப்பையும் விடுங்கள். மனைவி 1783லேயே இறந்துவிட்டார். தாயில்லாத நான்கு பிள்ளைகள் வீட்டில். விசாரித்தவர் ஷெஷ்கோவ்ஸ்கி, அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கும். கோட்டைச் சிறையில் ஒரு மனிதர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாம் கணக்குப் பார்ப்பது அசிங்கம்.

எனக்குக் கோபம் வந்தது கடைசிக் குற்றச்சாட்டில். நீங்கள் ராதிஷேவைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள், ராதிஷேவைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இதே குற்றச்சாட்டை 1790லேயே ஒருவர் அவர்மேல் வைத்துவிட்டது தெரிந்திருக்கும். வைத்தவர் அவரேதான்.

அந்தப் பயண நூலில் லூபானி என்றொரு அத்தியாயம். ஞாயிற்றுக்கிழமை, கொளுத்தும் வெயில். வண்டியின் குலுக்கல் தாங்காமல் பயணி இறங்கி நடக்கிறான். வயலில் ஒரு குடியானவன் உழுதுகொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையிலுமா என்று கேட்கிறான் பயணி. வாரத்தின் ஆறு நாளும் எஜமானின் நிலத்தில் வேலை, தன் பிள்ளைகளின் சோற்றுக்கு ஞாயிறும் இரவும்தான் மிச்சம் என்கிறான் அவன். பயணிக்கு அந்த எஜமான்மேல் ஆத்திரம் பொங்குகிறது. சரி, இதுவரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்த ஊர் ஜமீன்தாரைத் திட்ட என்ன துணிச்சல் வேண்டும்?

அப்புறம்தான் விஷயமே. அவனுக்குத் தன் வேலைக்காரன் பெத்ருஷ்காவின் நினைவு வருகிறது. பெத்ருஷ்கா குடித்துவிட்டு, உடை மாட்டிவிட நேரத்துக்கு வராமல் போன நாள். அன்று அவன் கன்னத்தில் தான் விட்ட அறை. அவன் உனக்கு என்ன கடன்பட்டிருக்கிறான், அவனை அடிக்கும் உரிமையை உனக்கு யார் தந்தது என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். கண்ணீர் வழிய உட்கார்ந்திருப்பவனை அஞ்சல் குதிரைகள் அடுத்த நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போகின்றன. அத்தியாயம் அங்கேயே முடிகிறது.

பயணி வேறு, ஆசிரியர் வேறு என்று விமர்சகர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ராதிஷேவ் இந்த நூலைத் தன் வீட்டிலேயே அச்சுப்பொறி வைத்து அச்சிட்டார். எழுத்துக் கோத்தவர் ஒரு சுங்க ஊழியர். அச்சிட்டவர்கள் அவருடைய சொந்தப் பண்ணையடிமைகள். சுமார் 650 பிரதிகள். எஜமான் தன் வேலைக்காரனை அறைந்த கதையை அந்த எஜமானின் ஆட்களே தாள் தாளாக அச்சிட்டார்கள்! இந்த இடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. நீங்கள் இதற்குப் போலித்தனம் என்று பெயர் வைக்கிறீர்கள். போலி தன் கறையை மறைப்பான். இவர் அதை அச்சில் ஏற்றிக் கடைக்கு அனுப்பினார்.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். எங்கள் வீட்டு மாடுகளைப் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். வீட்டில் எல்லோரும் அவரை ஒருமையில்தான் அழைப்பார்கள், நானும்தான். ஒரு நாள் என் சைக்கிளைக் கொண்டுவரத் தாமதமாகிவிட்டது. “எங்கடா போய்த் தொலைஞ்ச?” என்று கத்தினேன். பக்கத்தில் அவருடைய பேரன் நின்றிருந்தான், என் வகுப்பில் படித்தவன். பெரியவர் சிரித்துக்கொண்டே “இதோ வந்துட்டேன் சின்னய்யா” என்றார். பேரன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். சாதிக்கு எதிராக முப்பது வருடங்களாக எழுதுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

ராதிஷேவ் தன் வாக்கியத்தை நாற்பது வயதில், பதவியில் இருக்கும்போதே எழுதிவிட்டார். தன் ஆட்சிக்கு எதிராகப் பெரும் குடியானவர் கலகத்தை நடத்திய புகச்சோவைவிட மோசமான கலகக்காரன் என்றார் காதரின். மரண தண்டனை பத்தாண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, சைபீரியாவின் இலீம்ஸ்குக்கு அனுப்பப்பட்டார். பதவியும் பிரபுப் பட்டமும் போயின. மனைவியின் தங்கை எலிசவெத்தா இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தொலைவும் பின்னால் போனார். மனைவியின் தங்கையை மணக்கச் சட்டம் இடம் தரவில்லை, ஆனாலும் அங்கே மனைவியாகவே வாழ்ந்தார். 1797இல் திரும்பும் வழியில், தோபோல்ஸ்கில் இறந்துபோனார். அவரைப் பற்றி யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

1801இல் புதிய ஜாரான முதலாம் அலெக்சாந்தர், ராதிஷேவைச் சட்டம் வகுக்கும் குழுவில் சேர்த்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ராதிஷேவ் அமிலத்தைக் குடித்து இறந்தார். ஏன் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். நான் அதற்குள் போக விரும்பவில்லை.

அரசு வேலையில் இருந்துகொண்டு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதுங்கள் தம்பி, தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன் லூபானியைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். படித்த பிறகும் அவர் போலி என்று தோன்றினால் மறுபடி எனக்கு எழுதுங்கள். அப்போது உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

அன்புடன்