முதல் புதுப்பித்தலுக்கு 14 மணிநேரம் எதற்கு?

கேள்வி: சிகாகோவுக்கு அருகே நேப்பர்வில்லில் வசிக்கிறேன். 2024 பிப்ரவரியில் இல்லினாய் மாநிலத்தின் எஸ்தெட்டிஷியன் (சருமப் பராமரிப்பாளர்) உரிமம் பெற்று, டெவன் அவென்யூவில் என் அண்ணி நடத்தும் பார்லரில் ஃபேஷியல், வேக்சிங், த்ரெட்டிங் செய்கிறேன். அண்ணி 2011 முதல் காஸ்மெட்டாலஜிஸ்ட் (முடி, சருமம், நகம் எல்லாம் சேர்ந்த அழகுக்கலைஞர்) உரிமம் வைத்திருக்கிறார். இருவரின் உரிமமும் 2025 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. பார்லருக்கு வந்துபோகும் ஒருவர், 14 மணிநேரத் தொடர்கல்விச் சான்றிதழ் இல்லாவிட்டால் உரிமம் ரத்தாகிவிடும் என்கிறார். தலைக்கு 180 டாலர் கொடுத்தால் வகுப்பில் உட்காராமலே சான்றிதழ் வாங்கித் தந்து, புதுப்பித்தல் விண்ணப்பத்தையும் அவரே போட்டுவிடுவாராம். 50 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டேன். சென்ற டிசம்பரில் கோவையில் ஐந்து நாள் மணப்பெண் அலங்காரப் பயிற்சி முடித்தேன். அதைக் கணக்கில் சேர்க்க முடியாதா?

பதில்: மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இந்த முறை உங்களுக்குத் தொடர்கல்வி ஒரு மணிநேரம்கூடத் தேவையில்லை. உங்கள் அண்ணிக்குத் தேவை. ஆனால் அந்த மனிதர் சொல்லும் வழியில் அல்ல.

முதலில் உங்கள் விஷயம். இல்லினாயில் பெறும் உரிமத்தை முதல் தடவை புதுப்பிக்கும்போது தொடர்கல்வி கேட்கப்படுவதில்லை. விதியில் தெளிவாக இருக்கும் விலக்கு இது. யாரிடமும் மன்றாடிப் பெற வேண்டிய சலுகை அல்ல. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஒற்றைப்படை ஆண்டிலும் கோடைக்காலம் வந்தால் புதிதாக உரிமம் பெற்ற பெண்கள் பதறிப்போய் பணத்தைக் கொட்டுகிறார்கள். விதிப்புத்தகத்தில் ஒற்றை வரியாகக் கிடக்கும் இந்தச் செய்தியை உரிமம் கையில் கொடுக்கும் நாளிலேயே எடுத்துச் சொல்ல ஆளில்லை. இத்தனை மணிநேரம் பயிற்சி கொடுத்து, தேர்வு எழுத வைத்து, கட்டணமும் வாங்கும் ஓர் அமைப்பு, "முதல் முறை உனக்கு இது வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தர ஏன் தயங்குகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த மௌனத்தில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

'முதல் புதுப்பித்தல்' எது என்பதில் எல்லோரும் குழம்புகிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் உரிமம் பிறந்த பிறகு வரும் முதல் செப்டம்பர் 30, அதுவும் ஒற்றைப்படை ஆண்டில் வருவது, அதுதான் முதல் புதுப்பித்தல். நீங்கள் உரிமம் பெற்றது 2024 பிப்ரவரி. முதல் கெடு 2025 செப்டம்பர் 30. இடையில் இருப்பது இரண்டு முழு ஆண்டுகூட அல்ல, ஆனாலும் விலக்கு முழுமையாகவே பொருந்தும். வேறு மாநிலத்தில் பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு, அந்த உரிமத்தின் பேரில் இல்லினாய் உரிமம் வாங்கியவர்களுக்கும் இல்லினாயில் செய்யும் முதல் புதுப்பித்தல் முதல் புதுப்பித்தலே. பார்லர் மாறியது, திருமணத்துக்குப் பின் பெயர் மாறியது, வீடு மாறியது ஆகியவை எதுவும் புதுக்கணக்கைத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே ஒரு முறை புதுப்பித்துவிட்ட ஒருவர் கடை மாறிவிட்டு, "இந்தக் கடையில் எனக்கு இதுதான் முதல் முறை" என்று சொல்ல முடியாது. விலக்கு மணிநேரத்துக்கு மட்டும்தான். விண்ணப்பத்தை நீங்கள் போட்டே ஆக வேண்டும், கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும். "எனக்குத்தான் விலக்கு உண்டே" என்று சும்மா இருந்துவிட்டால் அக்டோபர் முதல் தேதி உங்களிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்காது. அன்று ஒரு புருவத்தைத் தொட்டாலும் அது உரிமமில்லாமல் தொழில் செய்வதாகிவிடும்.

2027 செப்டம்பர் புதுப்பித்தலுக்குத்தான் உங்களுக்கு மணிநேரக் கணக்கு வரும். அப்போதும் 14 அல்ல. எஸ்தெட்டிஷியனுக்கு இரண்டு ஆண்டுக்கு 10 மணிநேரம், நக அலங்காரத் தொழிலாளருக்கும் அதே 10. காஸ்மெட்டாலஜிஸ்டுக்கு 14, காஸ்மெட்டாலஜி கற்பிக்கும் ஆசிரியருக்கு 24. உங்கள் கையில் இருப்பது எஸ்தெட்டிஷியன் உரிமம் என்று அறிந்தும் ஒருவர் 14 மணிநேரம் விற்கிறார் என்றால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார். இரண்டில் எதுவானாலும் உங்கள் உரிமத்தை அவரிடம் ஒப்படைக்க முடியாது.

அண்ணிக்கு 14 மணிநேரம் கட்டாயம். 2023 அக்டோபரிலிருந்து 2025 செப்டம்பர் 30 வரை, இந்த இரண்டு ஆண்டுக்குள் படித்தவை மட்டுமே சேரும். அந்த 14-க்குள் ஒரு மணிநேரம் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி இருக்க வேண்டும். தொடர்கல்வி கேட்கும் எல்லாத் தொழில்களுக்கும் 2020 ஜனவரி முதல் இல்லினாய் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. குடும்ப வன்முறையையும் பாலியல் வன்கொடுமையையும் அடையாளம் காணும் ஒரு மணிநேரப் பயிற்சி இன்னொன்று. அழகுக்கலைத் தொழிலாளர்களுக்கு இப்படி ஒரு பயிற்சியை அமெரிக்காவில் முதன்முதலில் சட்டமாக்கிய மாநிலம் இல்லினாய்தான், அது 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஒரு மணிநேரத்தைப் பற்றி மட்டும் மனம் திறந்து சொல்ல வேண்டும். தொடர்கல்வி என்ற பெயரில் விற்கப்படும் பலவற்றில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. இருபது ஆண்டு கத்தரி பிடித்தவருக்கு ஷாம்பூவின் வரலாற்றை ஒன்றரை மணிநேரம் படித்துக்காட்டுவதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆனால் இந்தப் பயிற்சி அப்படியல்ல. வாடிக்கையாளரின் கழுத்துக்குப் பின்னால், காதோரம், உச்சந்தலையில் இருக்கும் காயத்தை மருத்துவருக்கு முன்பே பார்ப்பது பார்லர் பெண்தான். உறவினர்கள் அருகில் இல்லாத ஊரில், கணவருடன் மட்டும் வாழும் நம் பெண்கள் வாய்திறந்து பேசும் இடங்களில் அந்த நாற்காலியும் ஒன்று. நீங்கள் காவல்துறைக்குப் புகார் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காதுகொடுத்துக் கேட்கவும், எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்லவும்தான் கற்றுத் தருகிறது. நீங்கள் சொன்னதற்காகவோ சொல்லாமல் விட்டதற்காகவோ உங்கள் மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாப்பும் தருகிறது. இதையும் "உட்காராமலே சான்றிதழ்" என்று விற்பவர்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்களுக்கு இப்போது கட்டாயமில்லை என்றாலும், அண்ணி படிக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

இனி அந்த மனிதர். இத்தகையவர்கள் பிழைப்பதற்குக் காரணம் ஒன்று. சான்றிதழை யாரும் உரிமம் வழங்கும் இல்லினாய் அரசுத் துறைக்கு அனுப்புவதில்லை. புதுப்பிக்கும்போது "தொடர்கல்வியை முடித்தீர்களா" என்ற கேள்விக்கு உரிமதாரர் 'ஆம்' என்று உறுதிமொழி தருகிறார், அவ்வளவுதான். சான்றிதழ் அவரிடமே இருக்கும். பிறகு துறை சிலரைத் தேர்ந்தெடுத்து "காட்டு" என்று கேட்கும். கேட்கப்படுபவர் உங்கள் அண்ணியாக இருந்தால், போலிச் சான்றிதழுக்கும் பொய் உறுதிமொழிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணிதான். தரகர் அப்போது வேறு தொலைபேசி எண்ணில் இருப்பார். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் பெயர்களைத் துறை மாதந்தோறும் வெளியிடுகிறது, எவரும் வாசிக்கலாம். 180 டாலரில் வேலை முடிந்தது என்று நினைத்த இடத்தில் 2011-லிருந்து சேர்த்த நற்பெயர் போகும்.

விண்ணப்பத்தையும் அவரே போடுகிறேன் என்கிறாரே, அது இதைவிட ஆபத்து. அதற்கு அரசு தந்த உங்கள் சோஷியல் செக்யூரிட்டி அடையாள எண்ணும், துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்குக்கான கடவுச்சொல்லும் வேண்டும். தன் மின்னஞ்சல் முகவரியை உங்கள் கணக்கில் பதிந்துவிடுவார். அதன் பிறகு துறை அனுப்பும் ஒவ்வொரு அறிவிப்பும் அவருக்குத்தான் போகும். தணிக்கைக்கு அழைத்தால்கூட உங்களுக்குத் தெரியாது. முகவரியோ மின்னஞ்சலோ மாறினால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது உரிமதாரரின் கடமை. ஆகவே "எனக்கு அறிவிப்பே வரவில்லை" என்ற வாதம் எடுபடாது.

சரியான வழி கடினமானது அல்ல. உரிமம் வழங்கும் அதே துறையிடம், அதாவது மாநிலத்தின் நிதி மற்றும் தொழில்முறை ஒழுங்குத் துறையிடம் பதிவு பெற்ற நிறுவனத்தின் வகுப்பு மட்டுமே செல்லும். பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தின் இல்லினாய் பதிவு எண்ணைக் கேளுங்கள். துறையின் இணையதளத்தில் உரிமம் தேடும் பக்கத்தில் கட்டணமில்லாமல் சரிபார்க்கலாம். "நாடு முழுவதும் அங்கீகாரம்" என்று சொல்பவர்களை விட்டுவிடுங்கள். இந்தத் தொழிலில் நாடு முழுவதும் என்று ஒன்று கிடையாது. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் புதுப்பித்தலுக்கு மணிநேரமே கேட்பதில்லை. டெக்சாஸ் நான்கு மணிநேரம் கேட்கிறது. வெட்டுகிற தலைமுடி எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான், விதி மட்டும் எல்லைக்கு எல்லை மாறுகிறது. இதற்கு நியாயமான விளக்கம் எவரும் எனக்குத் தந்ததில்லை.

வாட்ஸாப்பில் சுற்றும் இன்னொரு செய்தியையும் நம்பாதீர்கள். "த்ரெட்டிங்குக்கு உரிமமே வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது" என்று வரும். அது டெக்சாஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2015-இல் வழங்கிய தீர்ப்பு. நூலால் புருவம் திருத்துபவரை 750 மணிநேரம் படிக்கச் சொல்வது அந்த மாநில அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது. நல்ல தீர்ப்பு, நம்மவர்கள் பலருக்குச் சோறு போட்ட தீர்ப்பு. ஆனால் அது இல்லினாயைக் கட்டுப்படுத்தாது. அதை நம்பி உங்கள் உரிமத்தைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள்.

கோவைப் பயிற்சி உங்கள் கைத்திறனுக்கு உதவும், கணக்குக்கு உதவாது. அதை நடத்தியவர் இல்லினாயில் பதிவு பெற்றவர் அல்ல. வெளியூர் வகுப்புக்குத் தனியாக ஒப்புதல் கேட்க வழி இருந்தாலும், முதல் புதுப்பித்தலில் இருக்கும் உங்களுக்கு அந்த அலைச்சலே தேவையில்லை.

கொடுத்த 50 டாலரைத் திருப்பிக் கேளுங்கள், வாய்மொழியாக அல்ல, குறுஞ்செய்தியாக: எந்தத் தேதியில், எவ்வளவு, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று எழுதி. தராவிட்டால் இல்லினாய் அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் செய்யலாம், அந்தக் குறுஞ்செய்தியே சாட்சி. கடவுச்சொல்லை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றிரவே மாற்றுங்கள். உள்ளே போய், கணக்கில் இருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று பார்த்துவிட்டு, விண்ணப்பத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள்.