மாநாட்டில் பேச விண்ணப்பித்தேன், போஸ்டர்தான் கொடுத்திருக்கிறார்கள். எப்படித் தயார் செய்வது?

கேள்வியில் இருக்கும் அந்தப் ‘போஸ்டர்தான்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். போஸ்டர் என்றால் மேடையில் பேசாமல், ஆய்வை ஒரு பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் மாட்டி, பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்குவது. முதல் முறை போகிறீர்கள், உங்கள் கைடு “பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்” என்று சொல்லியிருப்பார், அதிலேயே பாதி உற்சாகம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் எடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் கையால் செய்கிற சிமெண்ட் தரைக்கல்லான ஆத்தங்குடி டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போடும் நாட்களைக் குறைத்தால் கல்லின் பலம் என்னவாகிறது என்று பார்த்தேன். சென்னையில் ஒரு கட்டுமானப் பொருள் மாநாடு, எனக்கும் போஸ்டர்தான். அந்தக் கோபத்தில் எட்டுப் பக்கக் கட்டுரையை அப்படியே ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்து, “இது முழுக்க வரணும்” என்றேன். மாநாட்டுக்காரர்கள் ஏ0 அளவு, நெட்டுவாக்கில் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதாவது 84.1 செ.மீ. அகலம், 118.9 செ.மீ. உயரம். கடையில் அடிக் கணக்குதான் பேசுவார்கள் என்பதால் நான் “நாலுக்கு மூணு” என்றேன். காதணி விழா பேனர் போடுகிறவர்களுக்கு நாலுக்கு மூணு என்றால் நாலடி அகலம். அதைச் சரிபார்க்காதது என் தப்பு.

பல்லவன் ரயிலில் ஏறிப் போய் அரங்கத்தில் விரித்தால், பலகை ஒரு மீட்டர் அகலம்தான். என் போஸ்டர் ஒரு சாண் அளவுக்குப் பக்கத்துப் பலகை மேல் ஏறிக்கொண்டது. அங்கே நின்ற கோயம்புத்தூர் மாணவி ஒன்றும் சொல்லாமல் தன்னுடையதை நகர்த்திக் குத்திக்கொண்டார், இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கூசுகிறது. போதாததற்கு ஃப்ளெக்ஸின் பளபளப்பில் மேலே இருந்த ட்யூப்லைட் அத்தனையும் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஒரு மணி நேரம் யாரும் நிற்கவில்லை.

துண்டில் சுற்றி ஒரு டைல்ஸ் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து மேசையில் வைத்தேன். வயதான ஒருவர், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவராம், நின்று கட்டைவிரலால் அதன் மேல்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தார். “இவ்வளவு வழவழன்னு இருக்கே, சூளையில வச்சதா?” “இல்ல சார், சூளையே கிடையாது. கண்ணாடி மேல ஊத்தி எடுக்கிறது, அந்த வழவழப்பு கண்ணாடியோடது.” திருப்பினார், பின்பக்கம் சொரசொரவென்று சிமெண்டும் மணலும். “எத்தனை நாள் தண்ணியில போடுறாங்க?” என்று கேட்டார் பாருங்கள், என் ஆய்வே அதுதான். ஆனால் அதற்கான பதில் போஸ்டரின் வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் கிடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தார். பெரியவரை இப்படிக் குனிய வைத்துவிட்டோமே என்றிருந்தது. ஆனாலும் இருபது நிமிடம் நின்று பேசினார், எந்தச் சோதனையை நான் விட்டிருக்கிறேன் என்பது வரை சொன்னார்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கண்டுபிடித்த விஷயத்தை ஒரே வாக்கியமாக எழுதி, நாலு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தெரிகிற எழுத்தில் நடுவில் போடுங்கள். 2019-இல் மைக் மாரிசன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வு மாணவர் இதை ஒரு வீடியோவில் வலியுறுத்தினார், அதன் பிறகு பல துறைகளில் பரவியது. அது அலங்காரமில்லாமல் மொட்டையாக இருக்கிறது என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஓரங்களில் படமும் வரைபடமும் வையுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எந்த எழுத்தும் 24 பாயிண்டுக்குக் கீழே வேண்டாம். போட்டோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஏ0-வில் மங்கலாக வரும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கடைக்குப் பிடிஎஃப் கொடுங்கள். பளபளப்பில்லாத தாள் கேளுங்கள்.

அடுத்த வருடம் இப்படிச் செய்தேன், வந்தவர்களுக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டியது. அதற்கப்புறம்தான் பேசவும் வாய்ப்பு வந்தது, 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. ஒத்திகையை ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிற அண்ணன் ஒருவர் முன்னால் பார்த்தேன். கல்லின் குறுக்குவெட்டுப் படத்தைக் காட்டி, அடியில் கலவை, அதற்கு மேல் கலர் என்று கீழிருந்து மேலாகச் சொல்லிக்கொண்டு போனேன். நிறுத்திவிட்டார். “தம்பி, தலைகீழா சொல்றீங்க. கலர்தான் முதல்ல, கண்ணாடி மேல. அச்சைத் தூக்கின பிறகுதான் சிமெண்டு தூவுறது. இதக் கேக்குறவன் கலவை மேல கலர் பூசுறாங்கன்னுல்ல நினைப்பான்?” அவர் சொன்னது சரி. படத்தைத் திருப்பிப் போட்டேன், அந்த ஒரு ஸ்லைடைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. கல்லூரி சகாக்கள் முன் நாலு தடவை பேசியும் இதை யாரும் பிடிக்கவில்லை.

பணி உயர்வுக்குப் பேச்சுக்குத்தான் மதிப்பு, போஸ்டரை யார் கணக்கெடுப்பது என்று கேட்பவர்களுக்குப் பதில் என்னிடம் இல்லை, அது நான் மாற்றக்கூடியது அல்ல. எனக்கு வேறொரு ஆத்திரம் இருக்கிறது. இயந்திரத்தில் பிரிண்ட் அடித்த செராமிக் கல்லுக்கு ‘ஆத்தங்குடி டிசைன்’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து கரண்டியில் கலர் ஊற்றுகிறவருக்கு அதில் ஒரு காசு கிடையாது. அந்த மாநாட்டுக் கண்காட்சிக் கடைகளிலேயே ஒன்றில் அதைப் பார்த்தேன். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று விட்டுவிட்டேன். ஏ0 தாளைச் சுருட்டிக் கையில் கொண்டுபோனால் ரயிலில் மடங்கிவிடும். பிளம்பிங் கடையில் நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் மூன்றடி வெட்டி வாங்குங்கள், இரண்டு பக்கமும் மூடி போட்டுத் தருவார்கள். என்னுடையது இன்னும் இருக்கிறது, இப்போது என் மாணவர்கள் மாற்றி மாற்றி எடுத்துப் போகிறார்கள்.