அண்ணாச்சி, அந்த மூன்று லட்சத்தைக் கட்டாதீர்கள்

அண்ணாச்சி, போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து மகளோடு வந்து இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு வீட்டம்மா அழுததைப் பார்த்து, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏஜெண்ட். வெளிநாட்டு லேப்பில் ஆறு வாரப் பயிற்சி, சர்டிபிகேட் உண்டு என்று மூன்று லட்சம் கேட்கிறாரே, ஒரு பைசா கொடுக்கக் கூடாது. நல்ல கோடைக்கால ஆய்வுத் திட்டங்களில் பிள்ளைக்கு அவர்களே உதவித்தொகை தருகிறார்கள்.

அடுத்து உங்கள் அண்ணன். மூன்றாவது தடவையும் நீட் எழுதட்டும், இல்லாவிட்டால் நிலத்தை விற்று வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடலாம் என்கிறார். நிலம் யாருடையது, படிக்கப்போவது யார்? உங்கள் மகள் என்னிடம் நீட்டிய போனில் செல்பி நாலைந்துதான். மற்றதெல்லாம் பாறை இடுக்கு நத்தை, நண்டு, கரையொதுங்கிய பவளத்துண்டு, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றியது என்றுகூடக் குறித்து வைத்திருக்கிறாள். விலங்கியல் இரண்டாம் வருஷம்தான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இவளைப் பிடித்து மறுபடி நீட் கோச்சிங்கில் அடைப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜெர்மனி, கனடா திட்டங்களைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம் பக்கத்தில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காதது ஜப்பானின் ஒகினாவா தீவில் இருக்கிறது. ஓய்ஸ்ட் என்பார்கள், ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம். அங்கே துறை என்ற பிரிவே கிடையாது, பேச்சுமொழி ஆங்கிலம், ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆய்வுப் பயிற்சிக்கு எடுத்தால் போகவர விமான டிக்கெட், தங்க இடம், தினப்படி 2,400 யென், அதாவது நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், எல்லாம் அவர்கள் செலவு. 2011-இல் பவளத்தின் மரபணுத் தொகுதியை முதன்முதலில் படித்துக் காட்டிய குழு இந்தக் கழகத்தினுடையது. ஆக்டோபஸ் தூங்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்கிற ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாப் பவளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வருஷத்துக்கு இரண்டு தடவை விண்ணப்பம் வாங்குகிறார்கள், கடைசித் தேதியை அவர்கள் தளத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பேராசிரியரிடம் வேலை செய்ய ஆசை, ஏன் என்று எழுத வேண்டும். அங்கேதான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள், ‘நான் கடின உழைப்பாளி’ என்று ஆரம்பித்து ஒரு பக்கம். அவள் அந்த நண்டுக் குறிப்பிலிருந்து ஆரம்பிக்கட்டும். பரிந்துரைக் கடிதத்தை முதல்வரிடம் கேட்க வேண்டாம், அவருக்கு இவள் முகமே தெரியாது. பிராக்டிகல் எடுக்கும் மேடத்திடம் கேட்கட்டும். அப்புறம் பயிற்சிக்குப் போகும் நாட்களின் வருகைப்பதிவு பற்றி கல்லூரியில் இப்போதே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

முதல் தடவையே கிடைக்காமல் போகலாம். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியின் (Indian Academy of Sciences) கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் சேர்த்தே போடட்டும், அதற்கும் உங்கள் கைக்காசு போகாது.

இப்போதைக்கு உங்கள் செலவு பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். இந்த வாரமே போட்டுவிடுங்கள். அண்ணன் நம்பரை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.